ஐந்து இயக்குனர்கள், ஒரு எழுத்தாளர்: ‘ஆழத்து முத்துகள்’ படத்தை எப்படி அணுகுவது?

கேள்வி இதுதான்: “1960களின் செக்கோஸ்லோவாக்கியத் திரைப்பட இயக்கமான செக் புதிய அலை பற்றி எங்கே படித்தாலும் 1966இல் வெளிவந்த ‘ஆழத்து முத்துகள்’ என்ற ஆந்தாலஜியை அந்த இயக்கத்தின் சாசனம் என்கிறார்கள். தேடிப் பிடித்துப் பார்த்தேன். ஐந்து குறும்படங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை. கதை என்று பெரிதாக எதுவும் நடக்கவும் இல்லை, ஆட்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இதில் அப்படி என்ன இருக்கிறது?”

ஆட்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று சொன்னீர்களே, அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். அந்த ஐந்து இயக்குனர்களுக்கும் முன்னால் இருந்த சிக்கலே அதுதான். ஐந்து படங்களும் பொஹுமில் ஹ்ரபால் என்ற ஒரே எழுத்தாளரின் கதைகள். அவர் கதைகளில் ஆட்கள் ஏதாவது செய்வதைவிடப் பேசுவது அதிகம். மதுக்கடையில், மருத்துவமனைப் படுக்கையில், ரோட்டோரத்தில் எங்கே உட்கார்ந்தாலும் பேச்சு. நடந்தது, நடக்காதது, நடந்திருக்க வேண்டியது எல்லாம் அதில் கலந்து வரும். கொடூரமான சாவு ஒன்றைச் சொல்லி முடிக்கும் முன்பே சிரிப்பு மூட்டும் துணுக்கு ஒன்று வந்து விழும். இதைத் தாளில் படிக்கும்போது மயங்கிவிடுகிறோம். கேமராவை எங்கே வைப்பது? பேசுகிற முகத்தின் மேலா, பேச்சில் வரும் காட்சியின் மேலா, இரண்டுக்கும் சம்பந்தமில்லாத வேறொன்றின் மேலா? ஐந்து பேர் ஐந்து விதமாகப் பதில் சொன்னார்கள். படம் ஒட்டவில்லை என்று உங்களுக்குத் தோன்றியதற்குக் காரணம் இந்த ஐந்து பதில்கள்தான். எனக்கு அந்தப் படத்தின் மேல் இவ்வளவு பிரியம் இருப்பதற்கும் அவைதான் காரணம்.

ஹ்ரபாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். 1914இல் பிர்னோ நகரில் பிறந்தவர். வளர்ந்தது நிம்புர்க் என்ற சிற்றூரில், மாற்றாந்தந்தை வேலை பார்த்த பீர் ஆலையில். அங்கே பெப்பின் என்றொரு சித்தப்பா இருந்தார். சில நாள் தங்கிப் போக வந்தவர், கடைசிவரை தங்கிவிட்டார். ஓயாமல், உரக்க, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் பேசும் மனிதர். ஹ்ரபாலின் எழுத்து நடைக்கு ஊற்றுக்கண் யார் என்று கேட்டால் எந்த இலக்கிய மேதையையும்விட முதலில் சொல்ல வேண்டிய பெயர் இந்தச் சித்தப்பாதான். ஹ்ரபால் படித்தது சட்டம். 1946இல் தலைநகர் பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் வாங்கினார். ஆனால் ஒருநாள்கூட வக்கீல் வேலை பார்க்கவில்லை. போர்க்காலத்தில் ரயில் நிலையத்தில் வண்டிகளை அனுப்பும் வேலை. பிறகு இன்சூரன்ஸ் ஏஜென்ட், ஊர் ஊராகச் சரக்கு விற்பவர், கிளாத்னோ இரும்பாலைத் தொழிலாளி, பழைய பேப்பர் கிடங்கில் கட்டுக் கட்டுபவர், நாடகக் கொட்டகையில் செட் தூக்குபவர் என்று ஏறக்குறைய இருபது வருடம் இப்படியே போனது. போன இடமெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

1959இல் அவருடைய முதல் கதைத் தொகுப்பு அச்சுக் கோக்கப்பட்ட நிலையில் நிறுத்தப்பட்டது. ‘ஆழத்து முத்து’ என்ற தொகுப்பு 1963இல் வந்தபோது அவருக்கு வயது 49. முதல் புத்தகமே அந்த வயதில்! அதற்கு முன்பு பத்துப் பதினைந்து வருடங்களாகச் செக் மக்களுக்குக் கம்யூனிஸ்ட் அரசாங்கம் ஊட்டிய கதைகளில் தொழிலாளி என்பவர் சுவரொட்டியில் சுத்தியல் பிடித்து நிற்பவர். உற்பத்தி இலக்கைப் பற்றி மட்டுமே பேசுவார். ஹ்ரபாலின் தொழிலாளிகளோ பழைய காதலிகளைப் பற்றியும், பந்தயத்தில் செத்தவர்களைப் பற்றியும், தாங்கள் ஒருபோதும் செய்யாத சாகசங்களைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசினார்கள். புத்தகம் உடனே பரவியது. திரைப்படக் கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்த இளைஞர்கள் தங்களுக்கு வேண்டியது இதுதான் என்று பிடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கல்லூரி ஃபாமு. 1946இல் பிராகாவில் தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய வருடமே செக்கோஸ்லோவாக்கியாவின் திரைப்படத் தொழில் முழுவதும் நாட்டுடைமை ஆகிவிட்டது. பாராந்தோவ் ஸ்டுடியோ அரசுடையது, பணம் அரசுடையது, தணிக்கையும் அரசுடையது. படம் லாபம் தர வேண்டும் என்ற கவலை இயக்குனர்களுக்கு இல்லை. அனுமதி கிடைக்க வேண்டும் என்ற கவலை நிறைய உண்டு. 1960களின் தொடக்கத்தில் அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தது. 1963ஐ ஒரு திருப்புமுனை என்று சொல்லலாம். அதுவரை பேசக் கூடாத பெயராக இருந்த எழுத்தாளர் காஃப்காவைப் பற்றி அந்த வருடம் லிப்லிட்செ மாளிகையில் வெளிப்படையாகக் கருத்தரங்கம் நடந்தது. வெரா ஹித்திலோவாவின் ‘வேறு ஏதோ’, யாரோமில் யிரெஷின் ‘கூக்குரல்’ ஆகிய முதல் முழுநீளப் படங்கள் அதே வருடத்தவை. ஹித்திலோவா, யிர்ஷி மென்சல், எவால்ட் ஷோர்ம் மூவரும் ஃபாமுவில் ஒட்டகார் வாவ்ரா என்ற மூத்த இயக்குனரின் ஒரே வகுப்பில் படித்தவர்கள். யான் நெமெத்ஸும் யிரெஷும் அதே கல்லூரி. ஆக, இந்த ஆந்தாலஜியை ஏதோ ஒரு தயாரிப்பாளர் கூட்டிச் சேர்த்த நட்சத்திரக் கூட்டணியாக நினைக்க வேண்டாம். ஒரே சிற்றுண்டிச் சாலையில் ஒன்றாகக் காபி குடித்தவர்கள் ஒரே எழுத்தாளரைப் படித்துவிட்டு எடுத்த படம் இது.

அந்தக் காலத்தில் ஆந்தாலஜி ஐரோப்பா முழுவதும் ஒரு மோஸ்தராகவே இருந்தது. இத்தாலியில் ‘பொக்காச்சியோ 70’ 1962இல் வந்தது. ஆறு இயக்குனர்கள் பாரிஸின் ஆறு பகுதிகளைப் பங்கு போட்டுக்கொண்டு எடுத்த பிரெஞ்சுப் படம் 1965இல் வந்தது. அங்கெல்லாம் ஆளுக்கொரு கதை. அவரவர் பாணிக்குத் தோதாக எழுதிக்கொண்டார்கள். செக் படத்தில் அந்த வசதி இல்லை. எல்லோரும் ஒரே ஆளின் எழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அதனால்தான் இதில் ஒவ்வொரு இயக்குனரின் குணமும் பளிச்சென்று தெரிகிறது.

சரி, படங்களுக்கு வருவோம். நெமெத்ஸின் ‘ஏமாற்றுக்காரர்கள்’ வரிசையில் இரண்டாவது, அளவில் மிகச் சிறியது. மருத்துவமனையில் இரண்டு கிழவர்கள். ஒருவர் தான் பாடகராகக் கொடிகட்டிப் பறந்ததைச் சொல்கிறார். மற்றவர் பத்திரிகையாளராகத் தான் ஆடிய ஆட்டத்தைச் சொல்கிறார். ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர் மரியாதையோடு கேட்கிறார். இரண்டு பேரும் செத்துப் போகிறார்கள். பிணங்களைக் கையாளும் ஆட்களின் பேச்சிலிருந்துதான் இரண்டு வாழ்க்கையும் அப்படி இருக்கவே இல்லை என்று நமக்குத் தெரிகிறது. அவ்வளவுதான் படம். நெமெத்ஸ் இதற்கு முன்பு எடுத்த ‘இரவின் வைரங்கள்’ படத்தில் வசனம் மிகச் சொற்பம்; ஓடும் சிறுவர்களின் மூச்சிரைப்புதான் நமக்குக் கேட்கும். அவரிடம் போய்ப் பேச்சே உயிரான கதையைக் கொடுத்தால் என்ன செய்வார்? முகங்களில் நின்றுவிடுகிறார். அந்தக் கிழவர்கள் சொல்லும் மேடைகளையும் கைதட்டலையும் காட்டவில்லை. காட்டியிருந்தால் நாம் நம்பியிருப்போம், கடைசியில் இயக்குனர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்று கோபப்பட்டிருப்போம். அவர் காட்டாததால் அந்தப் பொய்கள் அந்த முகங்களுக்கே சொந்தமாக இருக்கின்றன. உண்மை தெரிந்த பிறகும் அந்த இரண்டு பேர் மேலும் எனக்கு மரியாதை குறையவில்லை. சாகப் போகிற மனிதன், தான் வாழ விரும்பிய வாழ்க்கையைப் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போகிறான். அதைக் கேட்க ஒரு ஆள் இருந்தார். ஹ்ரபாலை இவ்வளவு சுருக்கமாகவும் இவ்வளவு சரியாகவும் வேறு யாரும் திரையில் புரிந்துகொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

தொகுப்பின் முதல் படமான மென்சலின் ‘திரு. பல்தசாரின் மரணம்’ இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. மோட்டார் பைக் பந்தயம் பார்க்கக் கிளம்பும் பந்தயப் பைத்தியங்கள். வழியெல்லாம், பந்தயத் தடத்தின் ஓரத்தில் உட்கார்ந்தும்கூட, அவர்கள் பேசுவது எந்த வருடம் எந்த வளைவில் எவன் எப்படிச் செத்தான் என்பதைத்தான். ஒருவித ஆசையோடு, நல்ல விருந்தை நினைத்துக்கொள்வது போலப் பேசுகிறார்கள். பிறகு கண்ணெதிரே ஒருவர் உண்மையாகவே செத்துப் போகிறார். கூட்டம் கலைகிறது. மூலக் கதையின் தலைப்பில் இருப்பது ஹான்ஸ் பால்டிஸ்பெர்கர் என்ற உண்மையான ஜெர்மானிய வீரரின் பெயர். 1956இல் பிர்னோ பந்தயத்தில் இறந்தவர். அந்தக் காலத்தில் அந்தத் தடம் சாதாரணப் பொதுச் சாலைகள்தான். கிராமங்கள் வழியாகவும் மரங்களுக்கு இடையிலும் போகும். பார்வையாளர்கள் ரோட்டோரப் புல்லில் சாப்பாட்டு மூட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். மென்சல் பந்தயத்தைவிடப் பார்க்க வந்தவர்களைத்தான் அதிகம் பார்க்கிறார். அவருடைய தந்திரம் எளிமையானது: பேச்சு சாவைப் பற்றி இருக்கும்போது, திரையில் உயிரோடு இருப்பவர்கள் சாப்பிட்டுக்கொண்டும் வெயில் காய்ந்துகொண்டும் இருப்பார்கள். அந்த மனிதர்களை அவர் கேலி செய்வதே இல்லை. கொஞ்சம் கை தவறியிருந்தால் இரத்த வெறி பிடித்த கூட்டம் என்று காட்டியிருக்கலாம். மென்சலின் கண்ணில் அவர்கள் அன்பான, கொஞ்சம் அசட்டுத்தனமான குடும்பஸ்தர்கள். இந்த மென்மை அவரிடம் கடைசிவரை இருந்தது.

மென்சலுக்கு அப்போது 27 வயது. முழுநீளப் படம் எதுவும் இயக்கியிருக்கவில்லை. இதற்கு அடுத்து அவர் எடுத்ததுதான் ஹ்ரபாலின் குறுநாவலை வைத்து வந்த ‘கண்காணிக்கப்படும் ரயில்கள்’. 1968இல் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. அந்தக் குறுநாவலை ஸ்டுடியோ முதலில் கொடுக்க நினைத்தது அனுபவசாலிகளான ஷோர்முக்கும் ஹித்திலோவாவுக்கும். இருவருமே அதைப் படமாக்க வழி தெரியவில்லை என்று விலகிக்கொண்டார்கள். ஹ்ரபாலின் பேச்சைப் படமாக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அவர்கள் இருவரும் ஏற்கெனவே அவருடைய கதைகளை ஒருமுறை வெற்றிகரமாகக் கையாண்டவர்கள்!

அந்த இருவரில் ஹித்திலோவா செய்ததுதான் இந்தத் தொகுப்பின் உச்சம். படத்தின் பெயர் ‘உலகம் ஆட்டோமேட்’. ஆட்டோமேட் என்பது நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகும் மலிவான சிற்றுண்டிக் கடை. இந்தப் பெயரில் பிராகாவின் லிபென் பகுதியில் உண்மையாகவே ஒரு கடை இருந்தது. அதே லிபெனில்தான் ஹ்ரபால் இருபது வருடங்களுக்கு மேல் குடியிருந்தார். கதை இப்படி: கடைக் கழிப்பறையில் ஒரு பெண் தூக்கு மாட்டிக்கொண்டு இறந்து கிடக்கிறாள். கடைக்காரம்மா கதவைச் சாத்திவிட்டு போலீசுக்காகக் காத்திருக்கிறார். வெளியே கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். மாடியில் கல்யாண விருந்து, ஆட்டம் பாட்டம் நிற்கவில்லை. உள்ளே இருக்கும் ஒரு வாடிக்கையாளர், அவர் ஒரு ஓவியர், எதையும் கண்டுகொள்ளாமல் தன் காதலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். அவளும் அடிக்கடி சாகப் பார்ப்பவள். பிறகு மாடியிலிருந்து மணப்பெண் இறங்கி வருகிறாள். மாப்பிள்ளையைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. கல்யாண உடையிலேயே அவள் அந்த ஓவியரோடு மழைக்குள் வெளியே நடந்து போகிறாள்.

சாவும் கல்யாணமும் ஒரே கூரையின் கீழ். இதைச் சொன்னால் பழைய உத்தி என்றுதான் தோன்றும். ஹித்திலோவா அதை உத்தியாகக் கையாளவில்லை. அவர் பேச்சைப் படத்திலிருந்து பிரித்துவிடுகிறார். ஓவியர் பேசிக்கொண்டிருக்கும்போது கேமராவுக்கு வேறு வேலை இருக்கிறது: கண்ணாடி, அதன் மேல் ஓடும் நீர், வெளியே தெரியும் முகங்கள், உள்ளே வெறிச்சோடிய மேசைகள். பேச்சு ஒரு பாட்டுக்கு ஓட, பார்வை வேறொரு பாட்டுக்கு ஓடுகிறது. இரண்டும் எங்காவது உரசும்போது எனக்குச் சிலிர்த்துவிடும். ஹ்ரபாலே தன் கதைகளைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டி அமைப்பவர். கேட்ட பேச்சுத் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, நடுவில் எந்த விளக்கமும் சொல்லாமல் விட்டுவிடுவார். ஹித்திலோவா அந்த வேலையைத்தான் படத்தொகுப்பு மேசையில் செய்தார். இதற்கு அடுத்து வந்த ‘டெய்சிப் பூக்கள்’ படத்தில் அவர் எல்லாவற்றையும் கத்தரித்து வீசுவார். அந்தக் கத்தரிக்கோல் முதலில் பழகியது இங்கேதான்.

அந்த ஓவியராக நடித்திருப்பவரைக் கவனித்தீர்களா? நடிகர் இல்லை. விளாதிமிர் போவுத்னிக் என்ற உண்மையான கிராஃபிக் கலைஞர், ஹ்ரபாலின் நெருங்கிய நண்பர், கொஞ்ச காலம் ஒரே வீட்டில் இருந்தவர். கதைப் பாத்திரமே அவரைப் பார்த்து எழுதியதுதான். பிராகாவின் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே அங்கே கிடைக்கும் உலோகத் தகடுகளையும் கழிவுகளையும் வைத்து அச்சுப் படங்கள் செய்தவர். 1950களின் தொடக்கத்தில், எல்லோரும் பயந்து வாய் மூடியிருந்த நாட்களில், இவர் பிராகாத் தெருக்களில் காரை பெயர்ந்த சுவர்களின் முன்னால் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டு அந்தக் கறைகளில் என்ன உருவம் தெரிகிறது பாருங்கள் என்று காட்டுவார். சாதாரண மனிதர்களையும் கலைஞர்களாக்க முடியும் என்று தீவிரமாக நம்பியவர். 1968 டிசம்பரில் இறந்துபோனார், 44 வயது. இது தெரிந்தபின் மறுபடி ஒருமுறை அந்தப் பகுதியைப் பாருங்கள். அவர் பேசும் விதத்தில் தெரியும் அவசரம் எழுதிக் கொடுத்த வசனத்திலிருந்து வந்ததாகத் தோன்றாது.

ஷோர்மின் ‘மகிழ்ச்சி வீடு’ பற்றி விமர்சகர்கள் அதிகம் பேசுவதில்லை. இதில் எனக்கு அவர்களோடு சண்டை உண்டு. இரண்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட்கள் ஒரு வீட்டுக்குப் போகிறார்கள். வீட்டுக்காரர் சுவர், கூரை என்று ஒரு இடம் விடாமல் படம் வரைந்து தள்ளியிருக்கிறார். வீட்டில் அவருடைய வயதான தாயும் இருக்கிறார். ஏஜென்ட்கள் வயதான காலத்துப் பாதுகாப்பு பற்றி மனப்பாடமாகப் பேச வந்தவர்கள். அந்த வீட்டுக்குள் அவர்களுடைய பேச்சு எடுபடவில்லை. ஐந்தில் இது ஒன்றுதான் வண்ணப் படம். வீட்டுக்காரராக நடித்த வாஸ்லாவ் ஜாக், யாரிடமும் பயிலாமல் ஓவியரானவர். ஷோர்ம் இந்த இயக்கத்தின் மனசாட்சி என்று பெயர் வாங்கியவர். அவருடைய மற்ற படங்கள் பாரமானவை, கேள்விகளால் துளைப்பவை. அப்படிப்பட்டவர் இங்கே எந்தக் கேள்வியும் கேட்காமல் ஒரு மனிதனின் சந்தோஷத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறார். மற்ற நான்கு படங்களில் பேச்சு வாழ்க்கையை நிறம் ஏற்றிக் காட்டுகிறது என்றால், இங்கே அந்த வேலையைத் தூரிகை செய்துவிட்டது. பேச்சுக்கு மிச்சம் எதுவும் இல்லை. அதனால்தான் வண்ணம் இங்கே மட்டும் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். ஹ்ரபாலும் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் ஏஜென்டாக வீடு வீடாக ஏறி இறங்கியவர் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

கடைசிப் படம், யிரெஷின் ‘காதல் கதை’. பிளம்பர் வேலை பழகும் காஸ்தோன் என்ற கூச்ச சுபாவப் பையன். சினிமாக் கொட்டகையில் ஓடுவது ‘ஃபான்ஃபான்’ என்ற பிரெஞ்சு வாள்வீச்சுப் படம். அந்த நாயகனைப் போலத் தான் இல்லையே என்று ஏக்கம். அங்கே ஒரு ரோமா (ஜிப்சி) இனப் பெண்ணைச் சந்திக்கிறான். அவள் பேச்சில் புலி, இவன் திணறுகிறான். ஒரே இரவில் ஒரு காதல். பார்க்கும் எல்லோருக்கும் பிடித்துவிடும் படம் இதுதான். ஆனால் அதன் பின்னணி தெரிந்து பார்ப்பது நல்லது. நாஜிகளின் காலத்தில் செக் பகுதியின் ரோமா மக்களில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். போருக்குப் பின் ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தவர்கள்தான் செக் நகரங்களில் அதிகம். 1958இல் ஒரு சட்டம் போட்டு, நாடோடியாக வாழ்வதையே அரசு தடை செய்தது. பையன் அவளுடைய மக்களின் வாழ்க்கையைச் சுதந்திரத்தின் உருவமாகக் கனவு காணும்போது, அந்தச் சுதந்திரம் சட்டப்படி ஏற்கெனவே பறிக்கப்பட்டுவிட்டது. படம் இதைப் பேசவில்லை. அவளை அவன் கண் வழியாகவே காட்டுகிறது. அது ஒரு குறை என்றே எனக்குப் படுகிறது. அவளுடைய பேச்சு அந்தக் குறையை ஓரளவு சரிக்கட்டுகிறது. அவனைப் பார்த்து அவள் சிரிக்கும் இடங்களில் கதை அவள் கைக்கு வந்துவிடுகிறது.

ஒட்டவில்லை என்றீர்களே, ஒட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஐந்து படத்துக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவர்தான்: யாரோஸ்லாவ் குச்சேரா. ஹித்திலோவாவின் கணவர். யிரெஷின் முதல் படத்தையும் ‘இரவின் வைரங்கள்’ படத்தையும் எடுத்தவர். ஒரே ஆள் நெமெத்ஸுக்குச் சுருக்கங்களை எண்ணுமளவு முகத்தருகே போகிறார், மென்சலுக்குக் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்துகொள்கிறார், ஷோர்முக்கு நிறங்களில் மூழ்குகிறார், தன் மனைவிக்குக் கண்ணாடியையும் மழையையும் மாயமாக்கித் தருகிறார். தமிழில் ஒளிப்பதிவு படிக்கும் இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால், இயக்குனரின் தேவைக்கேற்ப ஒரு கண் எப்படி மாற முடியும் என்பதற்கு இந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. எடுக்கப்பட்டவை ஐந்து இல்லை, ஏழு. நீளம் காரணமாக இரண்டு தனியே விடப்பட்டன. ஒன்று இவான் பாஸரின் ‘சலிப்பூட்டும் பிற்பகல்’. ஞாயிற்றுக்கிழமை, கால்பந்து மேட்ச் நேரம், பீர் கடை. யாரோ ஒரு இளைஞன் மூலையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறான். அவன் அமைதியாகப் படிப்பதே மற்றவர்களுக்கு எரிச்சல். கால் மணி நேரம்கூட ஓடாத இந்தப் படம், தொகுப்பில் இருந்திருந்தால் முதல் இரண்டு இடங்களில் ஒன்றைப் பிடித்திருக்கும். மற்றது யுராய் ஹெர்ஸின் ‘பழைய பொருள் கடை’. பழைய பேப்பர் சேகரிக்கும் கிடங்கு, ஹ்ரபால் ஐந்து வருடம் வேலை பார்த்த மாதிரி இடம். ஹெர்ஸ் மட்டும் ஃபாமுக்காரர் இல்லை, பொம்மலாட்டம் படித்தவர். சிறுவனாக நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர். பின்னால் ‘சுடலைக்காரர்’ படத்தை எடுத்தவரும் இவரே. அவருடைய விகாரமான நகைச்சுவைக்கு இது முன்னோட்டம்.

இப்போது ‘சாசனம்’ என்ற சொல். யாரும் கையெழுத்துப் போட்ட அறிக்கை எதுவும் இல்லை. இயக்கத்தின் மிகப் பிரபலமான பெயரான மிலோஷ் ஃபோர்மன் இதில் இல்லவே இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லில் ஒரு நியாயம் இருக்கிறது. ஐந்து பேரும் ஒரே முடிவை எடுத்திருக்கிறார்கள்: மதுக்கடைக்காரரும் பிளம்பர் பையனும் சாகக் கிடக்கும் கிழவரும் பேசுவது, எந்தத் திருத்தமும் எந்தப் பாடமும் இல்லாமல் கேட்கத் தக்கது. அந்த நாட்டில், அந்த வருடத்தில், அது அரசியல் முடிவு. அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு அது புரிந்திருந்தது. 1967 மே மாதம் ஒரு எம்.பி. நாடாளுமன்றத்தில் எழுந்து ‘டெய்சிப் பூக்கள்’, நெமெத்ஸின் ‘விருந்தும் விருந்தாளிகளும்’ இரண்டையும் கண்டித்தார். தொழிலாளர் பணத்தில் இப்படிப்பட்ட படங்களா என்பதுதான் வாதம்.

1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் வந்தன. பாஸரும் ஃபோர்மனும் அமெரிக்கா போனார்கள். நெமெத்ஸ் படமெடுக்க விடப்படாமல் 1974இல் வெளியேறினார். ஹித்திலோவா ஆண்டுக் கணக்கில் வேலையின்றி உட்கார வைக்கப்பட்டார். ஷோர்ம் நாடகத்துக்குப் போனார். ஆட்சி மாற ஒரு வருடம் இருக்கும்போது, 1988இல், இறந்தார். ஹ்ரபாலின் புத்தகங்கள் 1970இல் கூழாக்கப்பட்டன. பழைய பேப்பர் கிடங்கில் அடுத்தவர் புத்தகங்களைக் கட்டுக் கட்டியவருக்கு இது நடந்தது. மென்சல் ஹ்ரபாலை வைத்து எடுத்த ‘நூலில் கட்டிய வானம்பாடிகள்’ 1969இல் முடங்கி, 1990இல்தான் வெளியே வந்து பெர்லினில் தங்கக் கரடி விருதைப் பகிர்ந்துகொண்டது. நமக்கு நன்கு அறிமுகமான தமிழறிஞர் கமில் சுவலபில் பிராகாவை விட்டுப் போனதும் இதே படையெடுப்பின் விளைவுதான். அந்த நகரம் அந்த ஆண்டில் எத்தனை பேரை இழந்தது என்று நினைக்கும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்வேன்.

மறுபடி பார்ப்பீர்கள் என்றால் ஒரேயடியாக ஐந்தையும் பார்க்க வேண்டாம். முதலில் ‘ஏமாற்றுக்காரர்கள்’ மட்டும். வசனம் வேகமாக ஓடும் என்பதால் சப்டைட்டிலைத் துரத்துவதிலேயே முகங்களைத் தவறவிடுவீர்கள். ஒருமுறை வசனத்துக்காகவும் இன்னொருமுறை முகத்துக்காகவும் பாருங்கள், சின்னப் படம்தானே. அப்புறம் மென்சல். பிறகு ஒரு நாள் இடைவெளி விட்டு ‘உலகம் ஆட்டோமேட்’. அது முடிந்த கையோடு ‘டெய்சிப் பூக்கள்’ போட்டுவிடுங்கள். அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2012இல் தன் எக்லிப்ஸ் வரிசையில் வெளியிட்ட செக் புதிய அலைப் பெட்டியில் இந்த ஆந்தாலஜியும் டெய்சியும் சேர்ந்தே இருக்கின்றன. ஷோர்மின் ‘ஊதாரி மகனின் வருகை’, யிரெஷின் ‘நகைச்சுவை’ ஆகியவையும் அதிலேயே உண்டு. பாஸரின் குறும்படத்தைத் தனியாகத் தேடிப் பிடியுங்கள். அதைப் பார்த்துவிட்டு அந்தப் புத்தகம் படிக்கும் பையன் பக்கமா, எரிச்சல்படும் கடைக்காரர் பக்கமா என்று எனக்கு எழுதுங்கள். நான் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் பக்கம்தான் சாய்கிறேன்.